கோஸ்டாரிகாவில் குறைந்த செலவில் காடும் கடலும்: மாதம் தேர்வதிலிருந்து கடைசி இரவு வரை

கோஸ்டாரிகா மத்திய அமெரிக்காவிலேயே செலவு அதிகம் பிடிக்கும் நாடுகளில் ஒன்று என்று சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே போய் வந்தவர்களின் கணக்கை உட்கார்ந்து பார்த்தால், பணம் காட்டுக்கும் கடலுக்கும் போயிருக்காது. ஊர் மாறியதற்கும், கடைசி நேரத்தில் இடைத்தரகரிடம் வாங்கிய டிக்கெட்டுக்கும், தவறான மாதத்தில் எடுத்த அறைக்கும் போயிருக்கும். இயற்கை அங்கே மலிவு. கடற்கரைக்கு யாரும் காசு கேட்க முடியாது. 1977-ல் வந்த கடலோரச் சட்டப்படி, அலை ஏறும் எல்லையிலிருந்து முதல் 50 மீட்டர் பொது இடம். பெரும்பாலான தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் 20 டாலருக்குள் முடிந்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் கணக்கு ஒன்றுதான்: ஊர்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள், மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல வழிகாட்டிக்குக் கொடுங்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் ஒன்றுக்காக இன்னொன்றை மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு போகும்.

1. முதலில் மாதம், அதன்பின் கரை

பலரும் முதலில் ஊர் பெயர்களைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். நாடு சிறியது, ஆனால் நடுவில் மலைத்தொடர் ஓடுவதால் பசிபிக் கரைக்கும் கரீபியன் கரைக்கும் மழைக்காலம் வேறு வேறு.

பசிபிக் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம். மே முதல் நவம்பர் வரை மழை. அதில் செப்டம்பரும் அக்டோபரும் கடுமை. கரீபியன் பக்கம் ஆண்டு முழுவதும் மழை எட்டிப் பார்க்கும் என்றாலும், பசிபிக் நனைந்து கிடக்கும் அதே செப்டம்பர், அக்டோபரில் இங்கே வானம் ஓரளவு தெளிந்திருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் அக்டோபரில் பசிபிக் கரையில் உள்ள மானுவேல் அந்தோனியோ பூங்காவுக்குப் போய் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அதே வாரம் கரீபியன் கரையின் கவிட்டா ஊரில் கடல் அமைதியாகக் கிடந்திருக்கும்.

குறைந்த செலவுக்கு என் தேர்வு: பசிபிக் பக்கமும் மலைப்பக்கமும் போவதானால் மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை, கரீபியன் பக்கமானால் செப்டம்பர், அக்டோபர். மே முதல் ஆகஸ்ட் வரை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும், காலை உங்களுடையது. ஜூலை வாக்கில் மழை சற்று ஓயும் நாட்களும் வரும். அறை வாடகை வெயில் காலத்தைவிட இறங்கியிருக்கும், காடும் பசேலென்று இருக்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு: கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரம், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம். புனித வாரத்தில் ஊரே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். பஸ்ஸில் இடம் இருக்காது. வியாழன், வெள்ளியில் பல வழித்தடங்களில் பஸ்ஸே ஓடாது.

2. விசா, தடுப்பூசிச் சான்று, வெளியேறும் டிக்கெட்

விமான டிக்கெட் எடுக்கும் முன் இந்த மூன்றையும் சரிபாருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கோஸ்டாரிகா விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும், பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா கையில் இருந்தால் தனி விசா இல்லாமல் நுழைய வழி உண்டு. வேறு சில நாடுகளின் விசாவுக்கும் இந்தச் சலுகை இருக்கிறது. எந்த வகை விசா, எத்தனை நாள் மீதமிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் படித்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனக் கவுன்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம், அப்போது அந்தத் தாள்தான் பேசும்.

தென் அமெரிக்காவிலோ ஆப்பிரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் இருந்துவிட்டு வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்டு குறைந்தது 10 நாள் ஆகியிருக்க வேண்டும். பிரேசில், பெரு என்று சுற்றிவிட்டு அப்படியே கோஸ்டாரிகாவுக்கு வரும் திட்டத்தில்தான் இது பெரும்பாலும் மறந்துபோகும்.

மூன்றாவது, நாட்டை விட்டு வெளியேறுவதற்கான டிக்கெட். விமான டிக்கெட்தான் வேண்டும் என்றில்லை. பனாமாவுக்கோ நிகராகுவாவுக்கோ போகும் சர்வதேச பஸ் டிக்கெட்டும் போதும்.

3. பத்து நாளுக்கு இரண்டே ஊர்

வரைபடத்தில் ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். சாலை அப்படி இல்லை. மலையைச் சுற்றி, ஒற்றை வழிப் பாலங்களைத் தாண்டி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து லா ஃபோர்ட்டுனாவுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் போகாத நாள் என்றே கணக்கு வையுங்கள்.

பத்து நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் ஐந்து காலைப் பொழுதுகளை பஸ் நிலையத்தில் இழக்கிறார்கள். காலைப் பொழுதுதான் அங்கே தங்கம். எனவே இரண்டு ஊர், அதிகம் போனால் மூன்று.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழிகள் இரண்டு.

மலை வழி: லா ஃபோர்ட்டுனாவும் மோன்டெவெர்டேயும். லா ஃபோர்ட்டுனாவில் அரெனால் எரிமலை. 1968 முதல் 2010 வரை சீறிக்கொண்டிருந்த மலை இப்போது அமைதியாக இருக்கிறது. அதன் சூடு இன்னும் ஆற்றில் வருகிறது. பெரிய ரிசார்ட்டுகள் வெந்நீர் ஊற்றுக்கு வாங்கும் கட்டணத்தில் உங்கள் இரண்டு நாள் செலவு முடிந்துவிடும். தபகோன் என்ற ரிசார்ட்டின் பக்கம் சாலையோரமாக இறங்கினால் அதே சூட்டு நீர் ஆறாக ஓடுகிறது, உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து குளிக்கிறார்கள், கட்டணம் கிடையாது. உடை மாற்ற அறை இருக்காது, பாறை வழுக்கும், பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கரையில் இருக்க வேண்டும். மேலே மலையில் கனமழை பெய்தால் இறங்காதீர்கள், தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் எல் சால்டோ என்ற குளிக்கும் இடம் உண்டு, அதுவும் இலவசம்.

லா ஃபோர்ட்டுனாவிலிருந்து மோன்டெவெர்டேக்கு சாலை வழி பஸ் மாறி மாறி ஒரு நாளை விழுங்கும். இங்கே மட்டும் கொஞ்சம் காசு கூடப் போனாலும் பரவாயில்லை: வேன், அரெனால் ஏரியில் படகு, அப்புறம் மறுபடி வேன் என்று இணைத்து விற்கிறார்கள், அதை எடுங்கள். அரை நாள் மிச்சம்.

மோன்டெவெர்டே மேகக்காடு. சான்டா எலெனா என்ற சிற்றூரில் தங்கி காப்புக்காட்டுக்கு பஸ்ஸில் போய்வரலாம். பெயர் பெற்ற மோன்டெவெர்டே காப்புக்காட்டைவிட சான்டா எலெனா காப்புக்காட்டில் கட்டணமும் கூட்டமும் குறைவு. அதை நடத்துவது உள்ளூர்த் தொழிற்கல்விப் பள்ளி. நீங்கள் கொடுக்கும் பணம் அந்தப் பிள்ளைகளுக்குப் போகிறது.

கரீபியன் வழி: கவிட்டாவும், அதற்குத் தெற்கே புவெர்ட்டோ வியேஹோவும். செலவை உண்மையிலேயே அடக்க வேண்டும் என்றால் இதுதான் என் முதல் தேர்வு. ஊர் தட்டையானது, சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் வேறு வண்டி தேவையில்லை, பூங்கா வாசல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் நாலு நாள் கூட இருந்தால் டோர்ட்டுகேரோவைச் சேர்க்கலாம். அங்கே போக சாலை கிடையாது. சான் ஹோசேயிலிருந்து கரியாரி வரை ஒரு பஸ், அங்கிருந்து லா பாவோனா படகுத்துறை வரை இன்னொரு பஸ், அப்புறம் ஒரு மணி நேரம் பொதுப்படகு. சுற்றுலா நிறுவனங்கள் இதையே தொகுப்பாக விற்கும்போது விலை பல மடங்கு ஆகிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும். இரவில் கரைக்குப் போக உரிமம் உள்ள வழிகாட்டி கட்டாயம். டார்ச்சும் கேமராவும் கூடாது, வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும்.

கோர்கோவாடோ தேசியப் பூங்காவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். காடு அற்புதம்தான். ஆனால் 2014 முதல் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை, படகுச் செலவும் சேரும். முதல் பயணத்துக்கு அதை வைக்காதீர்கள்.

4. அறைக்கு முன் பூங்கா டிக்கெட்

இந்த வரிசைதான் அதிகம் பேருக்கு இடறுகிறது. அறையை எடுத்துவிட்டு, போன பிறகு பூங்கா வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மானுவேல் அந்தோனியோ, போவாஸ் எரிமலை போன்ற இடங்களில் வாசலில் விற்பனையே இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நிர்வகிக்கும் சினாக் என்ற அரசு அமைப்பின் இணையதளத்தில் நாளும் நேரமும் குறித்து முன்பே வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால், வெயில் காலத்தில் காலை நேர டிக்கெட்டுகள் முதலில் தீரும்.

ஆகவே முதலில் டிக்கெட் கிடைக்கும் நாளைப் பாருங்கள், அந்த நாளைச் சுற்றி அறையை எடுங்கள். விடுமுறை நாளையும் பாருங்கள். மானுவேல் அந்தோனியோவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ரின்கோன் டி லா வியேஹா எரிமலைப் பூங்காவின் லாஸ் பைலாஸ் பகுதிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. போவாஸில் வாயு அதிகமானால் பூங்காவையே மூடிவிடுவார்கள். அதை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்காமல் கைவசம் வேறொரு திட்டம் வைத்திருங்கள்.

மானுவேல் அந்தோனியோவுக்கு வெளிநாட்டவர் கட்டணம் வரியோடு ஏறத்தாழ 18 டாலர். பக்கத்து கெபோஸ் ஊரில் தங்கினால் அறை மலிவு, பூங்காவுக்கு உள்ளூர் பஸ் அடிக்கடி உண்டு. பூங்காவுக்குச் சற்று முன்னாலேயே சீருடை போல உடுத்தியவர்கள் வண்டியை மறித்து, 'இங்கேதான் நிறுத்த வேண்டும், டிக்கெட் இங்கேதான்' என்பார்கள். நிற்காதீர்கள். டிக்கெட் உங்கள் போனில் இருக்கிறது, பஸ் வாசல் அருகிலேயே இறக்கிவிடும்.

மலிவான இரண்டு பூங்காக்கள் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஒன்று கவிட்டா: ஊர்ப்பக்கத்து வாயில் பல ஆண்டுகளாக நன்கொடை முறையில் நடந்தது, உள்ளூர் மக்களும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் பூங்கா அது. இன்னொன்று பசிபிக் கரையின் உவிட்டா ஊரில் மரினோ பயேனா: கடல் உள்வாங்கும்போது திமிங்கில வால் வடிவில் ஒரு மணல்திட்டு வெளிப்படும், அதன்மேல் நடந்து போகலாம். அதனால் உவிட்டாவுக்கு நேரம் குறிக்கும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் வால் தண்ணீருக்குள் இருக்கும்.

5. விமான நிலையத்திலிருந்து ஊர்வரை பஸ்ஸில்

சான் ஹோசே விமான நிலையம் உண்மையில் அலாஹுவேலா ஊரில் இருக்கிறது. இரவு இறங்கினால் தலைநகருக்குப் போகாமல் அலாஹுவேலாவிலேயே தங்கிவிடுங்கள், தூரமும் டாக்ஸிச் செலவும் மிச்சம். பகலில் இறங்கினால் விமான நிலையத்துக்கு எதிரே சாலையில் அலாஹுவேலா–சான் ஹோசே பஸ் நிற்கும். கட்டணம் சில நூறு கொலோன்தான் (கொலோன் அந்நாட்டு நாணயம்). வாசலில் வந்து தோளைத் தொடும் உரிமமில்லாத டாக்ஸிக்காரர்களைத் தவிருங்கள். விமான நிலையத்துக்கென உள்ள டாக்ஸி ஆரஞ்சு நிறம், ஊருக்குள் சிவப்பு நிறம், சிவப்பு வண்டியில் மீட்டர் போடச் சொல்லலாம்.

சான் ஹோசேயில் நம் ஊர் போல எல்லா வெளியூர் பஸ்ஸுக்கும் ஒரே பேருந்து நிலையம் கிடையாது. கம்பெனிக்கு ஒரு நிலையம். லா ஃபோர்ட்டுனாவுக்கும் மோன்டெவெர்டேக்கும் 7-10 என்ற நிலையம். கெபோஸ், மானுவேல் அந்தோனியோவுக்கு டிராகோபா நிலையம். கவிட்டா பக்கம் போவது மேபே கம்பெனி பஸ். டாக்ஸிக்காரரிடம் 'பஸ் ஸ்டாண்டு' என்று மட்டும் சொன்னால் வேறெங்காவது இறக்கிவிடுவார், பஸ் போய்விடும். போகும் ஊர், கம்பெனி, நிலையம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தூர பஸ்ஸுக்குப் பெரும்பாலும் 10 டாலருக்குள்தான். அதே வழியில் சுற்றுலா வேன் பல மடங்கு கேட்கும். மோன்டெவெர்டே போன்ற ஊர்களுக்கு நேரடி பஸ் நாளுக்கு ஒன்றிரண்டுதான், அதனால் முந்தைய நாளே டிக்கெட் வாங்குவது நல்லது. பாஸ்போர்ட், பணம், போன் உள்ள பை மடியில் இருக்கட்டும். மேல் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கினால் இறங்கும்போது இருக்காது.

வாடகைக் கார் மூன்று நாலு பேர் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள். இணையத்தில் நாளுக்குச் சில டாலர் என்று காட்டும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்நாட்டில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு அந்த விலையில் சேர்ந்திருக்காது, கவுன்டரில் போனதும் தொகை பல மடங்காகும். 'கட்டாயக் காப்பீட்டோடு மொத்தம் எவ்வளவு' என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

6. அறை, பணம், சாப்பாடு

ஹாஸ்டல் படுக்கை 12 முதல் 25 டாலருக்குள் கிடைக்கும். அறை எடுக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சமையலறை இருக்கிறதா. அங்கே வெளிச் சாப்பாடுதான் தினச் செலவில் பெரிது. பெரும்பாலான ஊர்களில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

சாமான் வாங்க பாலி என்ற சூப்பர் மார்க்கெட், சனி ஞாயிறில் உழவர் சந்தை. சந்தையை அவர்கள் ஃபெரியா என்பார்கள். பப்பாளி, அன்னாசி, மாம்பழம், வாழை எல்லாம் அங்கே கடையைவிட மலிவு, புதியது.

வெளியில் சாப்பிட்டால் சோடா என்று பலகை மாட்டிய சிறு சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். மதியம் கசாடோ கேளுங்கள்: ஒரே தட்டில் சோறு, கறுப்பு பீன்ஸ், பொரித்த நேந்திரன், காய்கறிக் கலவை, கூடவே மீனோ கோழியோ. விலை 3,500 முதல் 5,000 கொலோன். காலையில் சோறும் பீன்ஸும் பிரட்டிய காயோ பின்டோ. கவிட்டா பக்கம் அதே சோறும் பீன்ஸும் தேங்காய்ப்பாலில் வெந்து வரும். நம் நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

சைவர்கள் கவனிக்க: 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுக் கொண்டுவருவார்கள். 'நி போயோ, நி பெஸ்காதோ' என்று கோழியும் மீனும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸ் எந்தக் கொழுப்பில் தாளித்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சில கடைகளில் விலைப்பட்டியலில் பார்த்த தொகையும் பில்லும் ஒன்றாக இருக்காது. 13 சதவீத வரி, 10 சதவீத சேவைக் கட்டணம் சேரும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டாலரை எங்கும் வாங்குவார்கள், ஆனால் கடைக்காரர் தமக்குச் சாதகமான வீதத்தில்தான் மாற்றுவார். பஸ்ஸுக்கும் சோடாவுக்கும் கொலோனிலேயே கொடுங்கள்.

7. வழிகாட்டியை முதல் நாளே எடுங்கள்

செலவைக் குறைக்க வருகிறவர்கள் முதலில் வெட்டுவது வழிகாட்டியை. அது தவறான இடத்தில் வெட்டுவது. காட்டில் மிருகங்கள் இல்லாமல் இல்லை. நமக்குப் பார்க்கத் தெரியாததுதான் பிரச்சினை. வழிகாட்டி இல்லாமல் மூன்று மணி நேரம் நடந்து 'ஒன்றுமே இல்லை' என்று வெளியே வருகிறவர்களையும், அதே பாதையில் வழிகாட்டியோடு போய் பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று வருகிறவர்களையும் ஒரே வாசலில் பார்க்கலாம்.

எல்லா நாளும் வேண்டாம். முதல் பூங்காவில், முதல் காலையில் ஒரே ஒருவர் போதும். அரசின் சுற்றுலா அமைப்பான ஐ.சி.டி.யின் (ICT) அடையாள அட்டை கழுத்தில் இருக்கிறதா, முக்காலியோடு கூடிய தொலைநோக்கி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஹாஸ்டலில் இன்னும் மூன்று நாலு பேரைச் சேர்த்தால் தலைக்கு விழும் செலவு இறங்கும்.

அவர் காட்டுவதைப் பார்ப்பதோடு நிற்காமல் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். மரக்கிளையில் தொங்கியே வாழும், மிக மெல்ல நகரும் ஸ்லாத் என்ற விலங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவர்கள் கிளையில் தொங்கும் முகத்தைத் தேடுவார்கள். முகம் தெரியாது. குவாருமோ என்ற மரத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்: வெளிறிய தண்டு, குடைபோல விரிந்த பெரிய இலைகள், இலை குறைவாக இருப்பதால் உள்ளே வெளிச்சம் தெரியும். அதில் கிளை பிரியும் கவட்டையில், பட்டையைவிடச் சற்று சாம்பல் பூத்த ஒரு உருண்டை. கறையான் புற்று போலிருக்கும். புற்றின் விளிம்பு கெட்டியாக இருக்கும், இதன் விளிம்பு மட்டும் மயிர் சிலிர்த்து மங்கலாகத் தெரியும். அசையாமல் இரண்டு நிமிடம் பார்த்தால் அந்த உருண்டையிலிருந்து ஒரு நீண்ட கை மெல்ல வெளியே வந்து, மூன்று நகங்களால் அடுத்த கிளையைக் கொக்கி போட்டுப் பிடிக்கும். மயிரில் பாசி படர்ந்து பச்சை தட்டியிருப்பதும் அப்போதுதான் தெரியும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த நாள் சாலையோர மின்கம்பிக்குப் பக்கத்து மரத்திலேயே நீங்களே கண்டுபிடிப்பீர்கள், காசில்லாமல்.

8. ஒரு நாளை அமைக்கும் விதம்

அங்கே ஆண்டு முழுவதும் காலை 5.30 வாக்கில் வெளிச்சம், மாலை 6 மணிக்கு இருட்டு. பறவையும் குரங்கும் வெளிச்சம் வந்த முதல் மூன்று மணி நேரம் சுறுசுறுப்பு, அதன்பின் வெயிலுக்கு ஒதுங்கிவிடும். மழையும் மதியத்துக்கு மேல். ஆகவே காட்டை 10 மணிக்குள் முடியுங்கள், கடலுக்கு நடுப்பகல், மழைக்கு அறை, இருட்டியதும் தவளை தேட இரவு நடை. ஹோட்டல் இலவசக் காலைச் சாப்பாடு 8 மணிக்கு என்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள், வாழைப்பழத்தோடு கிளம்பிவிடுங்கள்.

கவிட்டாவில் இதைச் செய்வது எளிது. ஊர்ப்பக்கத்து வாயிலில் நுழைந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்புக் காடு, நடுவே தட்டையான பாதை. புவெர்ட்டோ வார்காஸ் வாயில் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். வேகமாக நடக்காதீர்கள். பாதையோரப் பனைத்தண்டிலும் வேலிக் கம்பங்களிலும் நெஞ்சு உயரத்தில் கண் வையுங்கள்: மஞ்சளாக ஒரு சிறு சுருள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூ அல்ல, கண்ணிமை விரியன் என்னும் விஷப்பாம்பு. நாள் முழுவதும் அதே இடத்தில் அசையாமல் கிடக்கும். மரத்தில் கை ஊன்றி இளைப்பாறும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். வழியில் குறுக்கே வரும் சிற்றாறு ஓதம் ஏறினால் இடுப்பளவு ஆகும், அதனால் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் கடந்துவிடுங்கள். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் சாலையில் நின்றால் ஊருக்குத் திரும்ப பஸ் வரும்.

மிருகங்களுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். வெள்ளை முகக் கபுசின் குரங்கும் ரக்கூனும் பை ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. யாரோ கொடுத்துப் பழக்கியதால்தான் அவை மனிதரிடம் வருகின்றன, அது அவற்றுக்கு நோய். மானுவேல் அந்தோனியோவில் வாசலிலேயே பையைச் சோதித்து நொறுக்குத் தீனியை எடுத்துவிடுவார்கள்.

9. எதை எடுத்துப் போக வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும்

பைனாகுலர், மழை அங்கி, தண்ணீர் புகாத பை, மூடிய காலணி, கொசு விரட்டி, நல்ல டார்ச். டெங்கு அங்கேயும் உண்டு என்பதால் கொசு விரட்டியை விடாதீர்கள். மோன்டெவெர்டேக்கு ஒரு ஸ்வெட்டர். மேகத்துக்குள் நடக்கும்போது குளிர் எலும்பில் ஏறும். மின் பிளக் அமெரிக்க வகை, 120 வோல்ட். அடாப்டரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ரப்பர் பூட்ஸ் சுமக்க வேண்டாம், சேறான பாதைகள் உள்ள ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும்.

பாம்பைவிட, முதலையைவிட அங்கே அதிகம் அஞ்ச வேண்டியது கடலின் இழுப்பு. பல கடற்கரைகளில் காவலர் கிடையாது. அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், இறங்க நல்ல இடம் என்று தோன்றும். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள். கழிமுகத்தில் குளிக்காதீர்கள், முதலை இருக்கும். தார்கோலெஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் அவை எவ்வளவு பெரியவை என்று தெரியும், பார்க்கக் கட்டணமில்லை. இருட்டியபின் செருப்போடு புல்லில் நடக்காதீர்கள். தெர்சியோபெலோ என்ற கொடிய விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். எந்த அவசரத்துக்கும் 911.

10. கடைசி இரவு

விமானம் ஏறும் நாளில் கரையிலிருந்து நேராக வரத் திட்டமிடாதீர்கள். கரீபியன் பக்கத்துச் சாலையான 32-ஆம் எண் பாதை பிராவுலியோ கரியோ மலைக்காட்டின் ஊடே வருகிறது. கனமழையில் மண் சரிந்து மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் மூடப்படும். மாற்றுப் பாதை நீளம். தவறவிட்ட விமானம் முழுப் பயணத்தின் மிச்சத்தையும் தின்றுவிடும். முந்தைய நாள் மதியத்துக்குள் அலாஹுவேலா வந்து சேருங்கள். மாலையில் ஊர் மையத்துப் பூங்காவில் மாமரங்களின் கீழ் உட்கார இடமிருக்கும். கையில் மீந்த கொலோனை அங்கேயுள்ள சந்தையில் காப்பிக்கொட்டைக்குக் கொடுத்துவிடுங்கள், விமான நிலையக் கடையில் அதே பொட்டலம் விலை அதிகம். காலை பஸ்ஸுக்குச் சில்லறை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.